மிதி, புடி, விடு

விளக்கெண்ணெய் வாசம் வந்தால் இன்றைக்கும் எனக்கு ஈப்போவில் நாங்கள் குடியிருந்த கார் கொட்டகை கண்ணுக்குள் வந்து நிற்கும். முதலாளியின் பங்களாவுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் அது. ஒரு பாதியில் கார் நிற்கும். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம், மீதிப் பாதியில், டிரைவரும் டிரைவர் பெண்டாட்டியுமாக நாங்கள் இருந்தோம். எங்களைவிடக் காருக்கு இடம் விசாலம். எங்கள் பக்கம் ஒரே ஒரு ஜன்னல், ஆனால் அதைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்று தெரியும். காலையில் குன்றின் இடுப்புவரை பனி நிற்கும். மேல் பாதி மட்டும் எதன்மேலும் ஒட்டாமல் மிதக்கும். அதைப் பார்த்துக்கொண்டே உலையில் அரிசி போட மறந்த நாட்கள் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் முடியப்போகிற சமயம். முதலாளி புதுக் கார் வாங்கியிருந்தார். அதுவரை நாங்கள் பார்த்த கார்களுக்குப் பிரேக் என்றால் இரும்புக் கம்பிதான். காலால் மிதித்தால் கம்பி இழுக்கும், சக்கரம் நிற்கும். இந்தக் காருக்கோ எண்ணெய். மிதித்தால் மெல்லிய செப்புக் குழாய்கள் வழியாக எண்ணெய் தள்ளிக்கொண்டு போய் நான்கு சக்கரத்தையும் பிடிக்கும் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது, இந்த மனுஷனுக்கு மரை கழன்றுவிட்டதா என்று பார்த்தேன். அந்த எண்ணெயை மோந்து பார்த்தேன். சாட்சாத் விளக்கெண்ணெய், ஏதோ ஸ்பிரிட் கலந்திருந்தது. குழந்தைக்குப் பேதிக்குக் கொடுக்கிற எண்ணெயைக் காருக்கு ஊற்றுகிறார்களே என்று அன்றைக்கு முழுக்கச் சிரித்தேன்.

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். சிரிப்பதற்குக் காரணம் தேவைப்படாத காலம் அது.

ஏழாம் மாதம் தொடங்கிய கொஞ்ச நாளில் பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிற்று. மருத்துவச்சி வந்தாள். எனக்கு விளக்கெண்ணெய் கொடுத்தாள். பக்கத்து பங்களாத் தோட்டக்காரரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்ததும் அவர்கள் எதையோ துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனார்கள். நான் தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் அக்கா குறுக்கே நின்றுகொண்டார்.

ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இப்படிப் போன பிள்ளையைத் தாய்க்குக் காட்டமாட்டார்கள். ஆணா பெண்ணா என்றும் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் அதற்கு ஒரு முகம் வந்துவிடுமாம். முகம் வந்தால் கனவில் தேடி வருமாம், மார்பில் பால் வற்றாதாம். நான் கேட்டேன். காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"அதெல்லாம் கேக்கக்கூடாது புள்ள. கஞ்சியக் குடிச்சிட்டுப் படு," என்றார் அக்கா.

முகம் இல்லாத பிள்ளையும் கனவில் வரும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. காய்ச்சலோடு படுத்துக் கிடந்த நாட்களில் எனக்குப் பகலும் கனவுமாகக் குழம்பிவிட்டது. பலகைத் தடுப்பின் கீழ் இடுக்கு வழியாக ஒரு பிள்ளை தவழ்ந்து கார் பக்கம் போகும். முதுகு மட்டும்தான் தெரியும். கூப்பிட வாயெடுப்பேன், ராசா என்பதா ராசாத்தி என்பதா என்று தெரியாமல் நின்றுவிடுவேன். நான் சரியாகக் கூப்பிட்டால் அது திரும்பும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றும். கண்ணை விழித்தால் ஜன்னலில் அந்தக் குன்று மிதந்துகொண்டிருக்கும். எது கனவு, எது குன்று என்று புரியக் கொஞ்ச நேரம் ஆகும்.

என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அந்தத் துணிச் சுருளை அவர் கையில்தான் கொடுத்தார்கள். அவரிடமும் கேட்டேன். சுவரைப் பார்த்தார், வேட்டியை இறுக்கிக் கட்டினார், வெளியே போய்விட்டார். சாதாரண நாளிலேயே வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஆள். எனக்கோ மூக்குமேல் கோபம். கல்யாணமான புதிதில் இருவர் பேச்சையும் நானே பேசிச் சமாளித்தேன். இந்த ஒரு பேச்சை என்னால் அவருக்காகப் பேச முடியவில்லை.

இன்னொன்றும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பிள்ளை போன அன்றே, என் உடம்பில் சூடு ஆறுவதற்குள், தடுப்புக்கு அந்தப் பக்கம் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அன்றைக்குக்கூட வேலைக்குப் போய்விட்டார். அந்தச் சத்தத்தை மறக்க நான் முயற்சி செய்யவே இல்லை.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் சொன்னேன். "நான் அம்மா வீட்டுக்குப் போறேன். கூப்பிட வராதீங்க."

அம்மா சிலிம் ரிவர் பக்கத்தில் கித்தா என்று நாங்கள் சொல்கிற ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தார். என் வீட்டுக்காரர் என்னைத் தடுக்க வேண்டாம், ஆணா பெண்ணா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடலாம் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"சீனப் பெருநாளுக்கு மறுநாள் மொதலாளி சிலிம் ரிவர் தோட்டம் பாக்கப் போறாரு. வண்டியிலேயே வந்துரு," என்றார்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே துணிகளை மூட்டையாகக் கட்டி வைத்தேன்.

சீனப் புத்தாண்டான அந்தப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, முதலாளியை ஹுத்தான் மெலிந்தாங்கில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வருகிற வழியில் கார் பிரேக் பிடிக்கவில்லை. மிதி ஒரேயடியாகக் கீழே போய்விட்டதாம். சடக்கை விட்டு, ரோட்டோரத்தில் ஆளுயரம் வளர்ந்த லாலான் புல்லுக்குள் வண்டியை இறக்கி நிறுத்தியிருக்கிறார். கைப்பிரேக்கை நம்பி ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தபோது, காரின் முகமெல்லாம் புல். டிரைவர் காலடிப் பலகைக்கு அடியில் இரண்டு செப்புக் குழாய் சேருகிற மூட்டில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாக இதையெல்லாம் பார்க்கிற சீன மெக்கானிக்கான கண்டனீசுக்காரரின் பட்டறை பெருநாளுக்கு மூடிவிட்டது. கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டிவிட்டு அவர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் கித்தா ஆலையில் இஞ்சின் பார்த்து வளர்ந்தவர். ஆலையில் எந்தக் குழாய் கசிந்தாலும் ஒரே வைத்தியம்தான். மரைமேல் பருத்தி நூலைச் சுற்றி, கித்தாப்பாலைத் தடவி, திருகி முடுக்கிவிடுவார்கள். பால் உறைந்து இறுகிக்கொள்ளும். தண்ணீர்க் குழாய்க்கு அது தெய்வம் மாதிரி. இந்தக் காரில் முதல் சொட்டு கண்ணில் பட்ட அன்றே அவர் அந்த வைத்தியத்தைச் செய்திருந்தார். இப்போதும் அதையே செய்தார், நூல் இன்னும் கூட, பால் இன்னும் கூட. முடுக்கினார். சொட்டியது. இன்னும் முடுக்கினார், கழுத்து நரம்பு புடைக்க. இன்னும் வேகமாகச் சொட்டியது.

தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு டின்னில் சொட்டு விழும் சத்தம். விளக்கெண்ணெய் வாசம் பலகை இடுக்கு வழியாக வந்து என்மேல் படுத்துக்கொண்டது. அந்த வாசம் வந்தாலே மருத்துவச்சியின் கை ஞாபகம் வரும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்த வண்டி சரியானால்தான் நான் போக முடியும், சரியாகட்டும், சரியாகட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதே சமயம், சரியாகாமலே போகட்டும் என்றும் எங்கேயோ ஒரு குரல் கேட்டது. இரண்டும் என் குரல்தான்.

பெருநாள் காலையில் ஊரெங்கும் பட்டாசு. புகை குன்றடிவரை வந்து பனியோடு சேர்ந்துவிட்டது. அவர் அந்தக் குழாய் மூட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "எண்ணெய மரை தடுக்கல லா. வாய்தான் தடுக்குது," என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். கோபம் கோபமாக இருந்தாலும் வேடிக்கை பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. குழாயின் முனை ஊமத்தம்பூ மாதிரி விரிந்திருந்தது. அந்த விரிந்த வாய் எதிர்ப்பக்கத்து வாயில் போய் ஒட்டி உட்கார வேண்டும். எண்ணெயை அடைப்பது அதுதான். நட்டு அதை அழுத்திப் பிடிக்க மட்டுமே. இவர் சுற்றிய நூலும் உறைந்த பாலும் நழுவி அந்த வாய்க்குள் போய், இரண்டையும் ஒட்டவிடாமல் நடுவில் கிடந்தன. அதற்குமேல் முடுக்கிய முடுக்கில் பூவின் விளிம்பு கீறிவிட்டது.

"ஆலைப் புத்தி," என்றேன். அவர் காது சிவந்தது.

கீறின வாயைச் சின்ன வாளால் அறுத்தெடுத்தார். அரத்தால் ராவினார். கூம்பான ஓர் இரும்பை வைத்து மெல்ல மெல்லத் தட்டிப் புது வாய் விரித்தார். அழகாகத்தான் விரிந்தது. பெருமையோடு தூக்கிப் பார்த்தார். அப்போதுதான் நட்டு பலகைமேல் கிடப்பதைக் கண்டோம். அதை முதலில் குழாயில் கோத்துவிட்டு அல்லவா வாயை விரித்திருக்க வேண்டும்! இனி எந்த வழியில் கோப்பது? அவர் நட்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல். சிரித்ததற்காக அடுத்த நிமிஷமே எனக்கு அழுகை வந்தது, உள்ளே ஓடிவிட்டேன்.

குழாய் வளைவோடு கொஞ்சம் நீளமாக இருந்ததால் பிழைத்தோம். மறுபடி அறுத்து, நட்டைக் கோத்து, மறுபடி விரித்து, நூலும் பாலும் இல்லாமல் வெறுமனே மாட்டினார். பிறகு தடுப்பருகே வந்து நின்றார்.

"கொஞ்சம் வாரியா? கால் ஒண்ணு வேணும்."

"என் காலா? அது நாளைக்கு ஊருக்குப் போற கால்."

"இன்னிக்கு இங்கதான இருக்கு," என்றார்.

குழாயைத் திறந்ததால் உள்ளே காற்று புகுந்திருக்குமாம். காற்று இருந்தால் மிதி மெத்து மெத்தென்று கீழே போகும், பிரேக் பிடிக்காது. ஒருவர் மேலே மிதிக்க, ஒருவர் கீழே சக்கரத்தடித் திருகைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். வழக்கமாகக் கண்டனீசுக்காரர் கீழே, இவர் மேலே. இன்றைக்கு மேலே உட்கார என்னை விட்டால் ஆளில்லை. புடவையைச் செருகிக்கொண்டு டிரைவர் ஆசனத்தில் ஏறினேன். தோல் மெத்தையில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. காலடிப் பலகையைக் கழற்றி வைத்திருந்ததால் என் பாதத்துக்குக் கீழே நேராகத் தரை தெரிந்தது. முன்கண்ணாடியில் கொட்டகை வாசலும் புகையும் குன்றும். வண்டி நிற்கிறதா, அந்தக் குன்றுதான் என்னை நோக்கி வருகிறதா என்று ஒரு மயக்கம்.

"மிதி," என்று பின்சக்கரத்தடியிலிருந்து குரல் வந்தது.

மிதித்தேன். மிதி சொகுசாகக் கீழே இறங்கியது. எங்கோ டின்னில் கொப்புளம் உடையும் சத்தம்.

"புடி. விடாத... ம், விடு."

மிதி, புடி, விடு. மிதி, புடி, விடு. ஒரு சக்கரம் முடிந்து அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார். மாதக்கணக்கில் அவர் என்னோடு பேசியதை எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வார்த்தை வராது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வருகிற அந்தக் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மிதி இறுகியது. கடைசியில் என் காலை எதிர்த்து நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டும். நெடுநாளைக்குப் பிறகு, அழுத்தினால் திருப்பி அழுத்துகிற ஒன்று.

நான்கு சக்கரமும் முடிந்ததும் அவர் தவழ்ந்து என் காலுக்கு நேர் கீழே வந்து மல்லாந்து படுத்தார். புது மூட்டு அங்கேதான் இருந்தது. துணியால் அதை உலரத் துடைத்தார்.

"இப்ப உள்ள பலத்தையெல்லாம் போட்டு மிதி. நான் சொல்ற வரைக்கும் விடாத. ஒரு பொட்டு ஈரம் வந்தாலும் எனக்குத் தெரிஞ்சாகணும்."

மிதித்தேன். ஆசனத்தில் முதுகைக் கொடுத்து மிதித்தேன். கீழே சத்தமில்லை. பட்டாசும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்துவிட்டது. அவர் மூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் ஆகியும் ஒன்றும் சொல்லாததால் குனிந்து பார்த்தேன். அவர் கண் மூட்டில் இல்லை. மிதியின்மேல் இருந்த என் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கும் இப்படித்தான்," என்றார்.

"எதுக்கு?"

"ரெண்டாவது வெரல். கட்டை வெரலவிட நீட்டு. ஒன் கால் மாதிரியே அச்சு." கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார். "பொம்பளப் புள்ள."

நான் காலை எடுக்கவில்லை. அவர் விடு என்று சொல்லவில்லை, நானும் விடவில்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டி, கழற்றின பலகையின் ஓட்டை வழியாக அவர்மேல் விழுந்திருக்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"முடி இருந்துச்சா?"

"லேசா. நெத்தி வரைக்கும்."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு. தூங்குற மாதிரி. அக்கா சத்தியம் வாங்கிக்கிட்டுதான் கையில குடுத்துச்சு, ஒன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு. சொன்னா நீ பொழைக்கமாட்டேன்னு சொல்லுச்சு. பயமா இருந்துச்சு புள்ள. ஒன்னையும் விட்டுட்டா நான் என்னா செய்ய?"

"எங்க கொண்டு போனீங்க?"

"சிம்பாங் பூலாய்கிட்ட, மலையடியில. தனியா சீட்டுல வைக்க மனசு வரல. மடியில வச்சுக்கிட்டுதான் ஓட்டுனேன்."

தடுப்புக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு நான் சபித்த கார்ச் சத்தம் அதுதான். என் மகள் வீட்டை விட்டுப் போன சத்தத்தை நான் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். அப்பா மடியில் போயிருக்கிறாள். எனக்கு ஒரே நேரத்தில் நெஞ்சு பிளந்தது, நெஞ்சு குளிர்ந்தது. இரண்டும் எப்படி ஒன்றாக வரும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வந்தது.

கால் நடுங்கத் தொடங்கியது. "விடட்டுமா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. விரலால் மூட்டைத் தடவிப் பார்த்தார். "காஞ்சு கெடக்கு. கசியல. விடு, விடு."

பலகையை மாட்டினார். ஓட்டிப் பார்க்காமல் முதலாளியை ஏற்ற முடியாது என்றார். நான் இறங்காமல் அடுத்த இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"சிம்பாங் பூலாய் பக்கம் போலாம்," என்றேன்.

அந்தச் சவாரி எனக்குக் கனவில் போன மாதிரிதான் நினைவிருக்கிறது. சடக்கில் சிவப்புப் பட்டாசுக் காகிதம் பறந்து எங்கள் முன்னால் ஓடியது. ஈயம் தோண்டிய பள்ளத்துக் குளங்கள் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தன. குன்றுகள் ஒவ்வொன்றாக அருகில் வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, பின்னால் போயின. அவர் பிரேக்கைச் சோதிக்க நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. ஒரு குன்றின் அடியில், காட்டு வாழைகள் நிற்கிற இடத்தில், பிரேக்கில் காலை வைத்தார். கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது.

சின்ன மண்மேடு. மேலே சுண்ணாம்புக் கற்களை வட்டமாக அடுக்கியிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணில் கையை வைத்தேன். ராசாத்தி என்றேன். இத்தனை நாள் தொண்டையில் நின்ற சொல், தடுமாறாமல் வந்தது.

அவர் கொஞ்சம் தள்ளி நின்றார். "நாளைக்கு சிலிம் ரிவர்..." என்று ஆரம்பித்தார்.

"மொதலாளி போயிட்டு வரட்டும்," என்றேன். "நான் எங்க போறது இவள விட்டுட்டு?"

அவர் அப்படியே குந்தி உட்கார்ந்து அழுதார். வாயைத் திறக்காத மனுஷன், வாய்விட்டு அழுதார். பிரேக் எண்ணெய்க் கையோடு கண்ணைத் துடைக்கப் போனார்.

"அந்தக் கையால வேணாம், எரியும்," என்று சொல்லி, என் முந்தானையால் நானே துடைத்துவிட்டேன்.